உதட்டை வெட்டுவது பல்

வட்டிக்காரருக்கு நான் பதினெட்டாயிரம் கடன்பட்டிருந்தேன். வாங்கியது பத்துதான், ஒன்றரை வருடத்தில் அது பதினெட்டாக வளர்ந்து நின்றது. வாங்கியதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை. கலைந்துபோன ஒரு பேண்டு குழுவின் வாத்தியங்கள் மூன்று பெட்டி நிறைய எடைக்கணக்கில் விலைக்கு வந்தன. பழைய பித்தளை வாங்குகிறவன் கையில் போனால் உருக்கிவிடுவான் என்று தெரிந்து நான் முந்திக்கொண்டேன். அந்த மூன்று பெட்டிதான் இன்றைக்கு மூன்று ஷட்டர் வைத்த கடையாக நிற்கிறது. நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். முப்பது வயதுவரை கைநாட்டு. இன்று இந்த ஊரில் எந்த பேண்டில் எந்தக் குழல் நசுங்கினாலும், எந்த வால்வு மக்கர் செய்தாலும் என் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும். தற்பெருமை என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். உள்ளதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஆனால் இது என் கதை இல்லை. அந்தப் பதினெட்டாயிரத்தை வசூலிக்க வந்தவனின் கதை.

அவனை எல்லோரும் முட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான். முதல்முறை அவன் என் கடைக்கு வந்தபோது காலை பதினொரு மணி. அப்போது ஒற்றை ஷட்டர். நான் ஒரு குழலுக்குப் பற்றவைத்துக்கொண்டிருந்தேன். அவன் மரியாதையாகத்தான் கேட்டான்.

"இருக்கா, இல்லையா?"

"அடுத்த வாரம் பாத்து…"

ஷட்டரைப் பாதிக்கு இறக்கினான். பற்றவைக்கும் விளக்கை என் கையிலிருந்து வாங்கி, கவனமாக அணைத்து, ஓரமாக வைத்தான். பிறகு விலா எலும்புக்குக் கீழே இரண்டு குத்து. மூச்சு எங்கே போனது என்று தேடிக்கொண்டு நான் தரையில் கிடக்கும்போது, மாட்டியிருந்த டிராம்போன் ஒன்றை எடுத்துத் தன் தொடையில் வைத்து மடக்கினான். கரும்பு முறிப்பதுபோல.

"இது வட்டி. அசலுக்கு அடுத்த வாரம் வர்றேன்." வாசல்வரை போனவன் திரும்பினான். "உன்ன ஏன் வாயில அடிக்கலன்னு கேக்க மாட்டியா?"

உருண்டுகொண்டிருப்பவன் என்னத்தைக் கேட்பது.

"வாயில அடிச்சா பேச முடியாது. பேச முடியாதவன் பணம் எங்க இருக்குன்னு எப்படிச் சொல்லுவான்."

இதுதான் அவன் தொழில் நேர்த்தி. மூன்று நாள் நான் இருமியதெல்லாம் சிவப்பு. ஏழு மாதத்தில் ஒரு காசு பாக்கியில்லாமல் அடைத்தேன். அடைத்த விதத்தைச் சொல்லப்போனால் அதுவே ஒரு புத்தகம். முட்டிக்கும் எனக்கும் அதோடு தீர்ந்தது என்றுதான் நினைத்தேன்.

அவனைப் பற்றி நான் பிற்பாடு தெரிந்துகொண்டது இவ்வளவு. அப்பன் மூட்டை தூக்குகிறவன். தூக்காத நேரத்தில் வீட்டிலிருப்பவர்களை அடிப்பவன். ஒன்பது வயதில் முட்டியை இரும்புக் கிடங்கில் ஆணி பொறுக்கவிட்டார்கள். பதினாலில் மேஸ்திரி இவன் காதைத் திருகியபோது, கையிலிருந்த சுத்தியலால் அந்த ஆளின் முழங்காலை உடைத்துவிட்டு ஓடினான். பிறகு கூடாரம் போட்டுச் சண்டை காட்டுகிறவர்களிடம் சேர்ந்தான். மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தால் பணம் என்று கூப்பிடுவார்கள். கூட்டத்திலிருந்து வாட்டசாட்டமாக எவனாவது ஏறுவான். அவனை இரண்டரை நிமிடத்துக்குள் படுக்கவைப்பது இவன் வேலை. அங்கே பார்த்துத்தான் வட்டிக்காரர் அழைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருடம் அவரிடம் கை நீட்டிச் சம்பளம் வாங்கினான், கை ஓங்கி வேலை பார்த்தான்.

கட்டியவளையும் அடித்தான். ஒருநாள் அவள் அடுப்பிலிருந்த வெந்நீரை அப்படியே இவன் முதுகில் கவிழ்த்துவிட்டு, ஆறு வயதுப் பெண்ணை விட்டுவிட்டுப் போய்விட்டாள். அதன்பிறகு வீட்டுக்குள் கை ஓங்கியதே இல்லை என்று என்னிடம் சொன்னான். நான் நம்பவில்லை.

இரண்டாம் முறை அவன் கடைக்கு வந்தபோது எனக்கு இரண்டு ஷட்டர் ஆகியிருந்தது. ஆளைப் பார்த்ததும் என் கை தானாகச் சுத்தியலுக்குப் போனது.

"வெச்சிரு," என்றான். "அடிக்க வரல. பொருள் வாங்க வந்தேன்."

அவனுக்குப் பின்னால் பதினெட்டு வயதில் ஒரு பெண் நின்றாள். ஒல்லி. கையில் டிரம்பெட் பெட்டி. அப்பனுடைய தாடை, அப்பனுடைய முறைப்பு.

"எம் பொண்ணு. ஊதுவா. வாயில வெச்சு ஊதுற அந்த மூக்கு மாதிரி ஒண்ணு இருக்கே, அது வேணும்."

"மவுத்பீஸ்," என்றாள் பெண்.

"அதான். நல்லதா ஒண்ணு குடு."

விஷயம் இதுதான். பள்ளிக்கூட பேண்டில் யாருக்கும் வேண்டாம் என்று கிடந்த ஒரு நசுங்கின டிரம்பெட் கடைசியாக நின்ற இவள் கையில் வந்து சேர்ந்திருக்கிறது. நாலு வருடம் மொட்டைமாடி தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் நின்று ஊதியிருக்கிறாள். இப்போது துறைமுக பேண்டில் ஒரு இடம் காலி. இன்னும் பதினோரு நாளில் தேர்வு. முக்கால் மணி நேரம் நடந்துகொண்டே நிறுத்தாமல் ஊத வேண்டும். கிடைத்தால் மாதச் சம்பளம், அதோடு துறைமுகச் சுவருக்குள்ளே குடியிருக்க ஒரு வீடு. கேட்டில் அடையாள அட்டை காட்டாமல் ஈ கூட உள்ளே நுழைய முடியாது.

அந்தக் கேட்டுதான் முட்டிக்கு முக்கியம். வட்டிக்காரர் அவனைக் கூப்பிட்டு, அடுத்த மாதத்திலிருந்து உன் பெண் என் ஆபீசுக்கு வந்து கணக்கு எழுதட்டும் என்று சொல்லியிருந்தார். அந்த ஆபீசின் உள்ளறையில் இதற்கு முன் கணக்கு எழுத வந்த பெண்கள் என்ன ஆனார்கள் என்று முட்டிக்குத் தெரியும். கதவுக்கு வெளியே நின்றவனே அவன்தானே.

"பத்து நிமிஷம் ஊதினா ரத்தம் வருது," என்றாள் பெண். "மேல் உதட்டுல."

"இவ்ளோதானா? மவுத்பீஸ் மாத்தினா சரியாயிடும்," என்றேன். என்னிடம் முப்பத்தோரு மவுத்பீஸ் வெல்வெட் துணி விரித்த தட்டில் வரிசையாக இருந்தன. இந்தத் தொழிலில் எல்லோருக்கும் ஒரு வழக்கம் உண்டு: முகத்தைப் பார், வாயைப் பார், எடுத்துக் கொடு. பெரிய முகத்துக்குப் பெரியது, சின்ன முகத்துக்குச் சின்னது. படிக்கிற பிள்ளைகளுக்கு எப்போதும் சின்னது. மூச்சு குறைவாகச் செலவாகும், மேல்சுரம் சுலபமாக ஏறும். எனக்குக் கற்றுக்கொடுத்தவனும் அப்படித்தான், அவனுக்குக் கற்றுக்கொடுத்தவனும் அப்படித்தான். இவளுக்குச் சின்ன வாய். இருப்பதிலேயே சின்னதாக, விளிம்பு மெல்லியதாக, பளபளவென்று ஒன்றை எடுத்துக் கொடுத்தேன்.

அவள் ஊதினாள். நன்றாகவே ஊதினாள் என்பதை ஒத்துக்கொள்கிறேன். மேலே ஏறும்போது கடையில் மாட்டியிருந்த குழலெல்லாம் சேர்ந்து முனகின. எட்டாவது நிமிடத்தில் நிறுத்தினாள். வெள்ளி விளிம்பில் அரைவட்டமாகச் சிவப்பு.

முட்டி அதைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அடுத்த கணம் என் பின்னங்கழுத்து அவன் கையில். என் முகம் கண்ணாடி ஷோகேசில். கண்ணாடி நொறுங்கியது. என் புருவத்தில் அரை அங்குலம் கிழிந்து கண்ணெல்லாம் ரத்தம்.

"நல்லதா குடுன்னு சொன்னேன்ல."

"அப்பா, விடு. அவர் செத்துட்டா வேற யாருகிட்ட வாங்குவ?" என்றாள் பெண். மருந்துக்குக்கூட அவள் குரலில் பதற்றமில்லை.

விட்டான். எனக்குத் துணி எடுத்துக்கொடுத்தவனும் அவன்தான். புருவத்தை எப்படி அழுத்திப் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தான். அதிலும் தொழில் தெரிந்தவன். என் மனைவி சத்தம் கேட்டு உள்ளிருந்து வந்தாள். உடைந்த கண்ணாடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள்.

"கண்ணாடிக்கு யாரு காசு தர்றது? மொகம் தானா ஒட்டிக்கும், கண்ணாடி ஒட்டாது."

"நான் தர்றேன் தங்கச்சி," என்றான் முட்டி.

மறுநாளே அவனே கண்ணாடிக்காரனைக் கூட்டிவந்து போட்டுக்கொடுத்தான். கண்ணாடிக்காரன் கன்னத்தில் ஐந்து விரலும் பதிந்திருந்தது. விலை பேசிய விதம் எனக்குப் புரிந்தது.

நான் அடங்கிப்போகிறவன் இல்லை. அடிக்குப் பயந்து அல்ல, என் சரக்கு தோற்றதே என்ற ரோஷத்தில் இன்னொன்று எடுத்தேன். விளிம்பு தடித்து, உருண்டு, தலையணைபோல இருக்கும். உதட்டில் வலியே தெரியாது. இரண்டு நாள் வைத்து ஊதிப் பார்க்கச் சொன்னேன். மூன்றாம் நாள் இருவரும் வந்தார்கள். மவுத்பீஸைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். துணி கறுத்துக் காய்ந்திருந்தது.

"பன்னெண்டு நிமிஷம்," என்றாள்.

தேர்வுக்கு எட்டு நாள்.

"அழுத்துறே," என்றேன் நான். "மூச்ச விட்டுட்டு கைய நம்புற. படிக்கிற பசங்க எல்லாரும் பண்ற தப்பு. வாத்தியத்த மூஞ்சியோட சேத்து அறையுறீங்க."

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. முட்டிக்குக் காதில் விழுந்தது 'தப்பு' என்ற ஒரு வார்த்தைதான். அவன் கை போய் அவள் பின்மண்டையில் விழுந்தது. அவள் இரண்டடி முன்னால் தள்ளாடினாள். திரும்பினாள். டிரம்பெட் பெட்டியின் இரும்பு முனையால் அவன் கால் எலும்பில் முழுவேகத்தில் ஒரு அடி. அவன் பின்னாலிருந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இன்னொரு தடவ கை வெச்சே, அம்மா ஊத்துனது வெறும் தண்ணின்னு நெனைக்க வெச்சிடுவேன்."

முட்டி காலைத் தடவிக்கொண்டே அவளை அண்ணாந்து பார்த்தான். அவன் முகத்தில் கோபம் இருக்கும் என்று பார்த்தேன், இல்லை. கூடாரத்தில் மூன்று நிமிடம் தாண்டி நின்ற எவனையோ பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"வா இங்க," என்றான். "வாயக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு. அடிக்கல."

கட்டைவிரலால் அவள் மேல் உதட்டை மடக்கித் தூக்கினான். வெளிச்சத்துக்குத் திருப்பினான். நானும் எட்டிப்பார்த்தேன். நான் இதுவரை அவள் உதட்டை வெளியேதான் பார்த்திருந்தேன். வெளியே விளிம்பு பதிந்த வட்டம், சிவப்பு, அவ்வளவுதான். உள்ளே மடிப்பில், இடதுபக்கம், கத்தி வைத்துக் கீறியதுபோல வெட்டு. ஆறியும் ஆறாமலும் ஒன்றன்மேல் ஒன்றாக நாலைந்து.

"மொதலாளி, இத நீ பாக்கவேயில்லல்ல?" என்றான். பிறகு தன் வலதுகையை மடக்கி என் முகத்துக்கு நேரே நீட்டினான். நான் பின்னால் சாய்ந்தேன். "பயப்படாத, பாரு."

விரல் முட்டிகளின்மேல் வெள்ளை வெள்ளையாகத் தழும்புகள்.

"இது ஒரு வண்டிக்காரன் பல்லு. இது ஒரு கிளார்க்கு. இது யாருன்னு ஞாபகமில்ல, ஆனா முன்பல்லு. ஆரம்பத்துல நானும் புத்தியில்லாம வாயிலதான் அடிச்சேன். இது பழுத்து, சீழ் வெச்சு, ரெண்டு மாசம் ஆஸ்பத்திரி. கைய எடுக்கணும்னாரு டாக்டரு. அப்பத்தான் தெரிஞ்சிக்கிட்டேன். அடிபட்டவன் உதட்ட வெட்டுறது எங் கை இல்ல. அவன் பல்லு. வெளியிலேர்ந்து தள்ளுறோம், உள்ளேர்ந்து அது வெட்டுது. இவளுக்கும் அதான். இந்தப் பல்லு திரும்பி நிக்குது பாரு."

இடது முன்பல். கொஞ்சம் திரும்பி, வெளிமுனை அரிசிமுனைபோலத் துருத்திக்கொண்டிருந்தது. நான் முப்பது வருடமாக மவுத்பீஸ் விற்கிறவன். ஒருத்தர் உதட்டைக்கூடப் புரட்டிப் பார்த்ததில்லை. என் கதையில் நான் தோற்ற இடங்கள் குறைவு. இது ஒன்று, எழுதிவிடுகிறேன்.

முட்டி எழுந்து என் பட்டறையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்தான். "முனைய ராவிட்டா போச்சு. ரெண்டு இழுப்பு."

"பல்லத் தொட்டே, வெரல் இருக்காது," என்றாள் பெண்.

"வலிக்காதும்மா."

"உனக்கு வலிக்கும்."

அரத்தை நான் வாங்கி வைத்தேன். இப்போது என் முறை. நோயைச் சொன்னவன் அவனாக இருக்கலாம். மருந்து என் தட்டில்தான் இருந்தது. நீலச் சாக்கட்டியை அந்தத் தடித்த விளிம்பில் தேய்த்தேன். அவளை வாயில் வைத்து ஒரு சுரம் ஊதச் சொன்னேன். எடுத்ததும் உதட்டின்மேல் நீல வட்டம் விழுந்தது. முட்டி வெளியிலிருந்து விரலால் தடவி, பல்முனை எங்கே முட்டுகிறது என்று காட்டினான். வட்டத்தின் கோடு நேராக அந்த முனைமேல் ஏறியிருந்தது. சின்ன மவுத்பீஸையும் அப்படியே வைத்துப் பார்த்தோம். முனை அதன் விளிம்புக்கு அடியிலும் சிக்கியது. தட்டிலிருந்த முப்பத்தொன்றையும் ஒவ்வொன்றாகச் சாக்கட்டி தேய்த்துப் பார்த்தோம். அவள் வாயெல்லாம் நீலமாகி, முட்டி வாய்விட்டுச் சிரித்தான். அவன் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். முன்பல் இரண்டு அவனுக்கே இல்லை.

ஒன்றுகூடச் சரிப்படவில்லை. அவை எல்லாவற்றையும்விட அகலமாக ஒன்று வேண்டும். பல்முனை விளிம்புக்கு அடியில் சிக்காமல், நடுவிலிருக்கும் ஓட்டைக்குள் வந்துவிட வேண்டும். அப்படி ஒன்று என்னிடம் இருந்தது. தட்டில் அல்ல, கழிசல் டப்பாவில். ஏதோ பட்டாளத்து ஆள் வைத்திருந்தது. ஒன்பது வருடமாக விலைபோகவில்லை. வெள்ளி உரிந்து பித்தளை பல்லிளித்தது. கைக்குள் எடுத்தாலே கனக்கும்.

"இது படிக்கிறவங்களுக்கு ஆகாது," என்றேன். "மூச்சு எல்லாத்தையும் குடிச்சிடும். மேல்சுரம் எறங்கிப்போயிடும். இத ஒரு பொண்ணுக்குக் குடுத்தேன்னு தெரிஞ்சா ஊர்ல இருக்கிற பேண்டுக்காரன் பூரா என் கட வாசல்ல நின்னு சிரிப்பான்."

"ரத்தம் வருமா?" என்றான் முட்டி.

"அது தெரியாது."

சாக்கட்டி தேய்த்தேன். ஒரு நூல் இடதுபக்கம் தள்ளி வைக்கச் சொன்னேன். எடுத்தபோது நீல வட்டத்துக்கு உள்ளே, கோட்டைத் தொடாமல், பல்முனை நின்றது.

அவள் ஊதினாள். சத்தம் அகலமாக, கட்டுப்படாமல் வந்தது. மேல்சுரத்தில் பாதியில் காற்றுத் தீர்ந்து இருமினாள். மறுபடி ஊதினாள். மறுபடி இருமினாள். கால்மணி நேரம் ஆயிற்று. முட்டி உதட்டைப் புரட்டினான். பழைய வெட்டுகள்தான். புதிதாக ஒன்றுமில்லை.

"எட்டு நாள் இருக்கு," என்றாள். "மூச்ச நான் பாத்துக்குறேன்."

பித்தளை பட்டால் உதடு புண்ணாகிவிடும். பின்கட்டில் எனக்குச் சொந்தமாக வெள்ளி முலாம் தொட்டி உண்டு. இந்த ஊரிலேயே வேறு எவனிடமும் கிடையாது. பழைய வெள்ளியைச் சுரண்டி, தேய்த்து, அன்றைக்கே முக்கி எடுத்தேன். விலை ஆறாயிரத்து நானூறு என்றேன். எங்கள் தொழிலில் மவுத்பீஸை ஊதிப் பார்த்துப் பிடித்தால்தான் காசு. "பாஸ் ஆனா குடு, இல்லேன்னா திருப்பிக் குடு," என்றேன். முட்டி பேரம் பேசவில்லை. அவன் அன்றே போய் வட்டிக்காரரிடம், பெண் வரமாட்டாள், நானும் இனிமேல் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

ஏழு நாளும் அவள் என் பின்கட்டில் நின்றுதான் ஊதினாள். முட்டி முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பான். வாடிக்கையாளர்கள் அவனைப் பார்த்துவிட்டு அடுத்த தெருவழியாகப் போனார்கள். ஐந்தாம் நாள் மேல்சுரம் உடையாமல் நிலைத்து நின்றது. ஆறாம் நாள் நாற்பது நிமிடம்.

தேர்வுக்கு முந்தின நாள் மதியம் மூன்று மணிக்கு இரண்டு பேர் வந்தார்கள். ஒருவன் நெட்டை, ஒருவன் கட்டை. இருவரும் முட்டியோடு வேலை பார்த்தவர்கள். கட்டையன் கையில் துணி சுற்றிய இரும்புக் கம்பி.

"அண்ணே," என்றான் நெட்டையன், மரியாதையாகவே. "உங்க மேல ஒண்ணும் இல்ல. பாப்பா வாயில ஒண்ணே ஒண்ணு. அவ்ளோதான் சொல்லிவுட்டாரு. நீங்க டீ சாப்ட்டுட்டு வாங்க, முடிஞ்சிடும்."

முட்டி டீ கிளாசைக் கீழே வைத்தான். எழுந்திருக்கும்போதே தலையால் நெட்டையன் மூக்கில் இடித்தான். எலும்பு நொறுங்கியது எனக்குக் கேட்டது. கட்டையன் கம்பியை வீசினான்; அது முட்டியின் தோளில் இறங்கியது. முட்டி அவனைச் சுவரோடு சேர்த்து முழங்கையால் கழுத்தில் அழுத்தினான். நெட்டையன் மூக்கு ஒழுக ஒழுக எழுந்து, மாட்டியிருந்த ஒரு குழலைப் பிடுங்கி முட்டியின் முதுகில் அடித்தான். என் கடையில், என் சரக்கால், என் கண்ணெதிரே. நான் பார்த்துக்கொண்டிருப்பேனா? நசுக்கெடுக்கும் இரும்பு உருளையை எடுத்து அவன் முழங்காலில் போட்டேன். எனக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. அவன் இன்றுவரை நொண்டுகிறான் என்று கேள்வி.

சத்தம் கேட்டு அவள் பின்கட்டிலிருந்து ஓடிவந்தாள். கட்டையன் காத்திருந்தது அதற்குத்தான். முட்டியின் பிடியிலிருந்து நழுவி, கம்பியைத் தோளுக்குமேல் தூக்கி, அவள் முகத்தைப் பார்த்து வீசினான். அவள் கத்துவதற்கு வாயைத் திறந்தாள். முட்டி பாய்ந்து தன் வலதுகையால் அவள் வாயைப் பொத்தினான். கம்பி அந்தக் கையின்மேல் விழுந்தது. காய்ந்த சுள்ளிக்கட்டை மிதித்ததுபோல ஒரு சத்தம்.

அப்புறம் நடந்ததை முழுக்க எழுதினால் என் மருமகன் எழுத்துப்பிழை திருத்த மாட்டேன் என்கிறான். முட்டி ஒரு கையால் செய்தான். கம்பியைப் பிடுங்கவில்லை. கட்டையனின் தலைமுடியைப் பிடித்து ஷட்டருக்கு அடியில் கொண்டுபோய் வைத்தான். ஷட்டரை இறக்கியது நான்தான், ஒத்துக்கொள்கிறேன். பாதிக்குத்தான் இறக்கினேன். அவர்கள் போகும்போது ஒருவனை ஒருவன் இழுத்துக்கொண்டு போனார்கள்.

முட்டியின் கை பலகைபோல வீங்கிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் ஆழமாக ஒரு துளை, ரத்தம் கொப்பளித்தது. அவள் பல்முனை அங்கே இறங்கியிருந்தது.

"வாயக் காட்டு," என்றான்.

"உன் கையப் பாருப்பா."

"கை கெடக்கட்டும். வாயக் காட்டு."

இடது கட்டைவிரலால் உதட்டைப் புரட்டினான். அவள் முகமெல்லாம் அவன் ரத்தம். என் மனைவி ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே பார்த்தாள். உதட்டில் ஒரு கீறல் இல்லை.

"ஊது," என்றான்.

"இப்பவா?"

"ஊது. பாக்கணும்."

ஊதினாள். அதைக் கேட்ட பிறகுதான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான்.

மறுநாள் துறைமுக மைதானத்தில் ஐந்து பேர் நடந்துகொண்டே ஊதினார்கள். முட்டி கட்டுப்போட்ட கையை மார்போடு பிடித்துக்கொண்டு கம்பிவேலிக்கு வெளியே என் பக்கத்தில் நின்றான். இருபதாம் நிமிடம் ஒருவன் வாத்தியத்தை இறக்கினான். அரைமணியில் இன்னும் இரண்டு பேர். அதில் ஒரு பையன் கைக்குட்டையை வாயில் வைத்தபோது அது சிவந்தது. மிச்சமிருந்தவன் நாற்பதாவது நிமிடம் மேல்சுரத்தைக் கோட்டைவிட்டான். முட்டிக்குச் சுரம் எதுவும் தெரியாது. அவள் தோள் ஏறி இறங்குவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தான். பேண்டு மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கையைத் தூக்கியபோது, அவள் தனியாக நடந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

வெளியே வந்ததும் அப்பனிடம் நேராக வந்து, கேட்காமலே தானே உதட்டைப் புரட்டிக் காட்டினாள்.

அந்த வாரமே சுவருக்குள் குடிபோனார்கள். வட்டிக்காரர் கேட்டுவரை இரண்டுமுறை ஆள் அனுப்பினார். காவலாளிகள் பேரைக் கேட்டார்கள், அட்டையைக் கேட்டார்கள், வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். முட்டியின் விரல்கள் கோணலாகவே கூடின, மடங்குவதில்லை. அந்தக் கையால் இனி ஒரு கொசுவைக்கூட அடிக்க முடியாது என்று டாக்டர் சொன்னாராம். துறைமுகத்துக்குள்ளேயே இருந்த மரக்கிடங்கில் வண்டி வந்தால் கதவைத் திறந்துவிடும் வேலை கிடைத்தது. மாதம் கொஞ்சம்தான். பெண் தன் சம்பளத்திலிருந்து மவுத்பீஸ் காசைக் கொடுக்கிறேன் என்றபோது, அது என் கணக்கு என்று சொல்லிவிட்டானாம்.

ஐந்து மாதம் கழித்து ஒரு காலையில் இருவரும் கடைக்கு வந்தார்கள். முட்டி இடதுகையால் சட்டைப்பையிலிருந்து நோட்டுக்கட்டு ஒன்றை எடுத்து, கௌண்டரில் வைத்து, கோணல் விரல்களால் அமுக்கிப் பிடித்துக்கொண்டான். எல்லாம் நூறு நோட்டு, வியர்வையில் நைந்தவை.

"வாங்காதீங்க," என்று என் மனைவி பின்னாலிருந்து காதில் சொன்னாள். நான் கேட்கவில்லை. இனாமாகக் கொடுத்து எவனையும் நான் சின்னவனாக்கியதில்லை. வலதுகையை விரித்து நீட்டினேன்.

இடது கட்டைவிரலை நாக்கில் தொட்டு ஒவ்வொன்றாக உருவி என் கையில் வைத்தான். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணினான். நாற்பது தாண்டியதும் நின்றான்.

"நாப்பத்தொண்ணா, ரெண்டா?"

"நாப்பத்தொண்ணுப்பா."

"நீ சும்மா இரு," என்று சொல்லி, எல்லாவற்றையும் என் கையிலிருந்து திரும்ப எடுத்து, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பித்தான். எனக்குக் கை வலித்தது. மடக்கவில்லை. அறுபத்து மூன்றை வைத்தான், கடைசி நோட்டின் மடங்கிய முனையை நகத்தால் நீவிவிட்டு, அறுபத்து நாலு என்று அதன்மேல் வைத்தான்.